கிரகணத்தின் மேல் போட்ட பழி

வாழைப்பூ ஆய்கிற வேலையை உலகத்தில் முதன்முதலாக ஆரம்பித்துவைத்த மனிதருக்கு, பெண்பிள்ளைகளின் காலைப்பொழுது என்றால் குழாயடித் தண்ணீர் மாதிரி, எவ்வளவு வேண்டுமானாலும் ஓடவிடலாம் என்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்று பிரமிளா நினைத்தாள். மடலை உரி, உள்ளே வரிசையாக இருக்கும் பூக்களை எடு, ஒவ்வொன்றிலும் தலை தடித்த நரம்பைப் பிடுங்கு, கண்ணாடித்தாள் மாதிரி ஒட்டியிருக்கும் செதிலைக் கிள்ளு, மோரில் போடு, அடுத்தது. விரலில் நல்லெண்ணெய் தடவியும் கறை ஏறத்தான் செய்தது. மகள் அபி கேட்டாள் என்பதற்காக. வேறு யாராவது கேட்டிருந்தால், குறிப்பாக முன்னறையில் பேப்பருக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்காரர் குற்றாலநாதன் அவர்கள், மின்வாரியத்திலிருந்து ஓய்வுபெற்று இப்போது வீட்டு ஃபேனுக்கு மட்டும் அதிகாரியாக இருப்பவர், அவர் கேட்டிருந்தால், நீங்களே ஆய்ஞ்சு தாங்க, சுட்டுத் தாரேன் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாள். அபிக்கு நாலாம் மாதம் நடக்கிறது. பெங்களூரில் புருஷன் சமைத்துப்போட்ட நூடுல்ஸை எல்லாம் வாந்தியெடுத்துக் கரைசேர்ந்து, போன வாரம்தான் பாளையங்கோட்டைக்கு வந்திருக்கிறாள். வந்த முதல் நாளே வாழைப்பூ வடை என்றாள். மூணு மாதமாக ஒன்றும் தங்காத வாய் ஒன்றைக் கேட்டால் ஆய்ந்துதான் ஆகவேண்டும். ஆனால் விரல்தான் இன்றைக்குச் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. காலையில் எழுந்ததும் பத்து விரலும் காய்ந்த முருங்கைக்காய் மாதிரி விறைத்துக் கிடந்தன. வெந்நீரில் கொஞ்சநேரம் வைத்த பிறகுதான் மடங்க ஒப்புக்கொண்டன. போன வாரம்வரை அதற்கு வயசு என்று பேர். இந்த வாரம் அந்தப் பெண் டாக்டர் அதற்கு வேறு பேர் வைத்துவிட்டாள். வைத்துவிட்டாள் என்றுகூடச் சொல்ல முடியாது. வைக்கலாமா வேண்டாமா என்று பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

வரலாம், வராமலும் போகலாம். அதுதான் அவள் சொன்னது. இதைச் சொல்ல எத்தனை வருஷப் படிப்பு, வாசலில் எத்தனை நாற்காலி, உள்ளே எவ்வளவு குளிர்! சாயங்காலம் மழை வருமா என்று கேட்டால் தெருமுனை இஸ்திரிக்காரர்கூட இதைவிடத் தெளிவாகச் சொல்வார். லூபஸ் இல்லை மேடம், ஆனா ரத்தத்துல அதோட அடையாளங்கள் இருக்கு, உங்க தங்கச்சிக்கு வேற இருக்கறதால உங்களுக்கு மத்தவங்களைவிட வாய்ப்புக் கொஞ்சம் அதிகம், வரலாம், வராமலும் போகலாம். லூபஸ் என்றால் லத்தீனில் ஓநாய். அதை பிரமிளா டாக்டரிடம் சொன்னாள், டாக்டருக்கே அது தெரியாது, அப்படியா மேடம் என்றாள். கான்வென்ட்டில் சிஸ்டர் பெனடிக்டா காதைத் திருகிக் கற்பித்தது எதுவும் வீண் போவதில்லை. ஹேமாவை அந்த ஓநாய் பிடித்துப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. மதுரையில் இருக்கிற தங்கை, கன்னம் இரண்டிலும் மூக்குக்குமேல் பாலம் போட்டமாதிரி சிவந்துபோய், கல்யாண வீட்டில் ஒருத்தி வந்து என்ன க்ரீம் போடுறீங்க, கலர் கொடுத்திருக்கே என்று கேட்டாளாம். ஓநாய் என்று ஏன் பேர் வைத்தார்களோ, பிரமிளாவுக்குப் புரிந்த வரையில் இது வீட்டு நாய். காவலுக்கு வளர்த்த நாய் வீட்டு ஆட்களையே பார்த்து உறும ஆரம்பித்துவிடுகிறது. ஹேமாவை அது மூட்டில் கடித்து, சிறுநீரகத்தில் பல் பதித்து, மாத்திரைச் சங்கிலியில் இப்போது கட்டுப்பட்டுக் கிடக்கிறது. பிரமிளா வீட்டில் உறுமலோடு நிற்கிறது. உறுமுகிற சத்தம்தான் ரத்தத்தில் கேட்டிருக்கிறது, கடித்த தடம் எங்கேயும் இல்லை. அன்றைக்கே ஹேமாவுக்கு போன் போட்டாள். ஹேமா சிரித்துவிட்டாள். "என்னக்கா, நம்ம கிளப்புல சேர்ந்துட்டியா?" "இன்னும் இல்லட்டி, வாசல்ல நிக்க வச்சிருக்கான்." "உள்ள வராத, காப்பி நல்லா இருக்காது." இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஹேமா, "அந்த இன்னொரு விஷயம்? அபிகிட்டச் சொன்னியா?" என்று கேட்டாள். குக்கரில் விசில் வருகிறது என்று சொல்லி பிரமிளா போனை வைத்தாள். குக்கர் அடுப்பிலேயே இல்லை.

அந்த இன்னொரு விஷயம். விரலுக்கு அகப்படாமல் ஒரு நரம்பு நழுவி நழுவிப் போனது, பூவையே பிய்த்துப் போட்டாள். தனக்கு என்ன வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம், அதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. மாத்திரை என்றால் மாத்திரை, ஆறு மாதத்துக்கொருதரம் ரத்தம் என்றால் ரத்தம், எடுத்துக்கொண்டு போகட்டும், கொசுவுக்குக் கொடுப்பதுதானே. வெயில்ல நிக்காதீங்க மேடம் என்றாளே, அதில்தான் வந்து நின்றது. வெயிலில் நிற்காதே. இதே வார்த்தையை இதே காதுகள் இதற்கு முன்னால் வேறொரு வாயிலிருந்து கேட்டிருக்கின்றன. டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, உங்களுக்கு எத்தனை குழந்தைங்க என்று கேட்டாள். ஒண்ணு. பொண்ணு. முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி மழமழவென்று ஆகிப்போன பதில், நாக்கில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இல்ல மேடம், பிறந்தது எத்தனை என்றாள் அந்தப் பெண். அபியைவிட ரெண்டு மூணு வயசுதான் கூட இருக்கும் அவளுக்கு, தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பிரமிளா ரெண்டு என்றாள். சொல்லிவிட்டு, யார் சொன்னது என்று திரும்பிப் பார்க்காத குறைதான். முதல் பையன், தங்கல. டாக்டர் இப்போது நிமிர்ந்தாள். "பிறக்கறதுக்கு முன்னாடியே துடிப்பு மெதுவா இருக்குன்னு யாராவது சொன்னாங்களா?"

சொன்னார்கள். வயிற்றில் குழாயை வைத்துக் கேட்ட நர்சம்மா திரும்பத் திரும்ப இடத்தை மாற்றி மாற்றி வைத்தாள், தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்து ஓடுகிறதா என்று பார்த்தாள், பிறகு பெரிய டாக்டரைக் கூப்பிட்டாள். என்னம்மா உன் பிள்ளை, நிதானமான ஆளா இருக்கான் என்றார் அவர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுக்கவில்லை. தை மாதத்தில் பிறந்தான். மறுநாள் விளக்கு வைக்கிற நேரம்வரை இருந்தான். நிதானமாகவே இருந்து நிதானமாகவே நின்றுவிட்டான். ஏன் என்று ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த வருஷம் தீபாவளியை ஒட்டி ஒரு சூரிய கிரகணம் வந்தது. ஆறு மாத வயிற்றோடு பிரமிளா மொட்டைமாடிக்குப் போய், எக்ஸ்ரே ஃபிலிமை இரண்டாக மடித்துக் கண்ணில் வைத்து அண்ணாந்து பார்த்தாள். வேண்டாம் பிள்ள, வெயில்ல நிக்காத, உள்ள வா என்று படிக்கட்டுக்குக் கீழே நின்று மாமியார் ஆவுடையம்மாள் கத்தியதும் காதில் விழுந்தது. "அத்த, கிரகணம் என்ன பிள்ள பிடிக்கிறவனா? நிலா குறுக்க வருது, அவ்வளவுதான். மேல வந்து நீங்களும் பாருங்க!" விஞ்ஞானத்துக்குப் பரிசு வாங்கிய வாய், கொழுப்பெடுத்த வாய். கடித்துத் தின்ற பிஸ்கட் மாதிரி சூரியன், தரையெல்லாம் வேப்பமரத்து நிழலில் வெளிச்சம் பிறைபிறையாக விழுந்து கிடந்தது. அவ்வளவு அழகை அதற்கு முன்னும் பின்னும் அவள் பார்த்ததில்லை. அதைப் பார்த்ததற்கு விலையாக ஆவுடையம்மாள் அவள் கையில் ஒரு வாக்கியத்தைக் கொடுத்தாள். கிரகணம் தின்னுட்டுது என் பேரனை. வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொன்னாள். பிறகு ஒருநாள் அதையும் நிறுத்தினாள். இனிமே அந்தப் பிள்ளயப் பத்தி இந்த வீட்டுல யாரும் வாயத் திறக்கக் கூடாது, பேசினா அடுத்தது தங்காது என்றாள். ஃபிலிமை எடுத்துக் கொடுத்த மகராசன் யார் தெரியுமோ? இதோ முன்னறையில் பேப்பர் படிக்கிறாரே, அவர்தான். நல்லாத் தெரியுதா பிரமி, கண்ண மூடிக்காத என்று தோளைப் பிடித்துத் திருப்பிக்கூட விட்டார். அம்மா பழி போட்டபோது மட்டும் அவருக்கு ஏதோ லைன் ஃபால்ட் பார்க்கிற வேலை இருந்தது.

சரி, அந்தப் பழைய பேச்சை விடு. விட முடிந்தால்தானே. வாய்க்கு வாய் பதில் சொன்னாள், சண்டை போட்டாள், உங்க சூரியன்தான் தின்னுச்சுன்னா அதுகிட்டப் போய்க் கேளுங்க என்றாள். ஆனால் அபி வயிற்றில் இருந்தபோது ஒரு சந்திர கிரகணம் வந்ததே, அன்றைக்கு என்ன செய்தாய் பிரமிளா? விஞ்ஞானப் பரிசே, என்ன செய்தாய்? யாரும் சொல்லாமலே ஜன்னலை எல்லாம் சாத்தி, கதவிடுக்கில் போர்வையைத் திணித்து, ஒரு பொட்டு வெளிச்சம் மேலே படாமல் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஆவுடையம்மாள் வாசற்படியில் காவலுக்கு உட்கார்ந்து, ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டாததுதான் குத்தியது. அபி ஊரைக் கூட்டுகிற குரலோடு பிறந்தாள், துடிப்பு ரயில் மாதிரி ஓடியது, அப்போ அன்றைக்குப் படுத்ததுதான் காப்பாற்றியதா, அப்போ முதல் தரம் பார்த்ததுதான் கொன்றதா, இப்படி ஒரு கணக்கு அவளுக்குள்ளேயே இத்தனை வருஷமாக, வாய் ஒரு பக்கம் பேச, இன்னொரு பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. அதைத்தான் அந்தச் சின்னப் பெண் கீபோர்டைத் தட்டிக்கொண்டே நிறுத்திவிட்டாள். உங்க ரத்தத்துல இருக்கற அடையாளங்கள்ல ரோன்னு ஒண்ணு இருக்கு மேடம். அம்மாவுக்கு அது ஒண்ணுமே செய்யாம வருஷக்கணக்கா சும்மா இருக்கலாம். ஆனா தொப்புள்கொடி வழியா பிள்ளைக்குப் போகும். நூத்துல தொண்ணூத்தெட்டுப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. ஒண்ணு ரெண்டு பிள்ளைக்கு, இதயம் துடிக்கறதுக்கு உத்தரவு போற வழியை அது அடைச்சிரும். உங்க பையனுக்கு அப்படித்தான் இருந்திருக்கும்னு தோணுது, இப்ப உறுதியாச் சொல்ல முடியாது. அப்ப என் பொண்ணு எப்படி? அவளை அது ஒண்ணும் செய்யல, அவ்வளவுதான் மேடம்.

அவ்வளவுதான். கிரகணம் தின்னவில்லை. ஃபிலிம் தின்னவில்லை. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது சிரிக்கத் தோன்றியது, ஆவுடையம்மாள் உயிரோடு இருந்தால் நேரே வீட்டுக்குப் போய், அத்த, உங்க கேசு தள்ளுபடி என்று சொல்லியிருக்கலாம். ஆட்டோ முருகன்குறிச்சியைத் தாண்டும்போது சிரிப்பு நின்றது. பழி சூரியன்மேல் இருந்தவரையில் அண்ணாந்து பார்த்துத் திட்டலாம். ரத்தத்தை எங்கே பார்த்துத் திட்ட? அவள் குடிக்கக் கொடுத்ததையே அவன் குடித்தான். சீ, என்ன நினைப்பு இது. மழைத்தண்ணி ஓட்டின் வழியாக ஒழுகினால் ஓடா குற்றவாளி? தெரிந்து செய்தாளா? தெரியாமல் நடந்ததற்கு மாரில் அடித்துக்கொள்வது சீரியல்காரிகள் வேலை, அதற்கு அவளிடம் நேரமில்லை. ஆனால் இப்போது தெரியும். அங்கேதான் வந்து வந்து முட்டிக்கொள்கிறது. டாக்டர் கடைசியாகச் சொன்னது. உங்க பொண்ணுக்கும் அந்த அடையாளம் இருக்கணும்னு இல்லை, ஆனா இருக்கலாம். நாலாம் மாசம்னா இந்த வாரமே பார்த்துருங்க. இருந்தா பிள்ளையோட துடிப்பை வாராவாரம் ஸ்கேன்ல பார்ப்போம், மாத்திரை இருக்கு, ஆரம்பத்துலயே தெரிஞ்சா செய்யறதுக்கு வழி இருக்கு. முழுசா அடைச்சபிறகு திறக்க முடியாது மேடம். இந்த வாரமே என்றாள். இன்றைக்குச் சனிக்கிழமை. வாரத்தில் மிச்சம் இருப்பது இந்த வாழைப்பூ மாத்திரம்தான்.

"யம்மா! வடை ஆச்சா, இல்ல வாழையே இப்பதான் வைக்கியா?" உள்ளறையிலிருந்து அபி. காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டுக் கத்துகிறாள், இல்லாவிட்டால் சனிக்கிழமையும் விடாத ஆபீஸ் மீட்டிங்குக்கும் வடை கேட்கும். "உனக்குப் பேச்சு எங்கருந்துட்டி வருது? வயித்துல இருக்கறது இதெல்லாம் கேட்டுட்டுத்தான் வரும்." "நல்லதுதான், உன்கிட்டத் தாக்குப்பிடிக்கணும்ல." பிரமிளாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அடுத்த மடலை உரித்தாள். சொல்லவேண்டியது என்ன, ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. எதுக்கு என்பாள். பிறந்ததிலிருந்து அவள் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான், எதுக்குக் குளிக்கணும், எதுக்குக் கும்பிடணும், எதுக்குக் கல்யாணம். எனக்கு இருக்கு, அதனால உனக்கும் பாக்கணும். உனக்கு என்ன இருக்கு? இருக்கறதால என்ன ஆகும்? யாருக்கு ஆச்சு? மூணாவது எதுக்கு என்ற கேள்வியில் அவன் வந்து நின்றுவிடுவான். அவனைச் சொல்லாமல் இதைச் சொல்ல வழியே இல்லை. அவன் இருந்தது அபிக்குத் தெரியாது. நான்தான மூத்தது, நான்தான ஒத்தப்பிள்ள, எனக்கே எல்லாம் என்று வளர்ந்தவள். பிள்ளைத்தாய்ச்சியின் காதில் போன பிள்ளையைச் சொல்வதா? ஊரே காறித் துப்பும். பெங்களூரிலிருந்து தினமும் போன் போட்டு, மதினி, பிள்ளைக்கு என்ன குடுத்தீங்க, மனசு சந்தோஷமா வச்சிக்கச் சொல்லுங்க மதினி என்று தேனாய்ப் பொழிகிற சம்பந்தியம்மாள் காதில் விழுந்தால், உங்க வீட்டு ரத்தம் என்று ஆரம்பித்துவிடுவாள். ஒரு பொய் சொன்னால் என்ன? இரும்புச்சத்து பார்க்கிறார்கள் என்று கூட்டிக்கொண்டு போய்க் கையை நீட்டச் சொன்னால் முடிந்தது. இல்லை என்று முடிவு வந்தால் யாருக்கும் எதுவும் சொல்லவே வேண்டாம். இருக்கு என்று வந்தால்? அப்போது பார்த்துக்கொள்ளலாம். இந்த யோசனை எவ்வளவு சுகமாக இருந்தது என்றால், பிரமிளா கைவேலையை நிறுத்திவிட்டு அதில் சாய்ந்து கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள். வாயத் திறக்காத, பேசினா தங்காது. அட, இது யார் குரல்? இவ்வளவு நேரம் இந்தச் சமையலறையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தது ஆவுடையம்மாளா? அவளுக்குக்கூட ஒரு சாக்கு உண்டு, பாவம், அவளுக்கு யாரும் ரோ என்று சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்தது சூரியன் ஒன்றுதான். எனக்கு என்ன சாக்கு? எல்லாம் தெரிந்துகொண்டு ஜன்னலைச் சாத்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுப்பதா, ரெண்டாம் தரம்? நீ பயந்தது போதும்டி பிரமிளா. கொஞ்சம் எழுந்திரு.

எழுந்தாள். முழங்கால் ஒரு சத்தம் போட்டது, போடட்டும். கறைக் கையைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டு உள்ளறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள். அபி கட்டிலில் சம்மணம் போட்டு மடியில் தலையணையும் தலையணைமேல் கம்ப்யூட்டருமாக இருந்தாள். "அத மூடு." "மீட்டிங் இருக்கும்மா." "மூடுன்னா மூடு. வேற சுடிதார் போட்டுக்க, லேபுக்குப் போறோம், உனக்கு ஒரு ரத்தம் குடுக்கணும்." "எதுக்கு?" வந்துவிட்டது. பிரமிளா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். ஆட்டோவில், குளிக்கும்போது, மடல் உரிக்கும்போது கட்டிவைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை, அதனால் வழக்கம்போலவே ஆரம்பித்தாள், குறுக்கே பேசாதே என்று. ஹேமா சித்திக்கு இருக்கிற அந்த வியாதியின் அடையாளம் என் ரத்தத்தில் இருக்கு. வியாதி இல்லை, அடையாளம். எனக்கு ஒண்ணும் ஆகாது, ஆச்சுன்னா பாத்துக்கலாம். உனக்கும் அது இருந்தா பிள்ளையோட துடிப்பை ஜாக்கிரதையாப் பார்க்கணும். அபி வயிற்றின்மேல் கையை வைத்ததைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே நிறுத்தாமல் சொன்னாள். "உனக்கு முன்னால ஒருத்தன் பொறந்தான். பையன். துடிப்பு மெதுவா இருந்துச்சு. ஒரு நாள்தான் இருந்தான். ஏன்னு எங்களுக்கு அப்பத் தெரியாது. இப்பத் தெரியும். உனக்கு இருக்கணும்னு இல்ல, இருந்தாலும் தொண்ணூத்தெட்டுப் பிள்ள நல்லாத்தான் பொறக்கும், மிச்ச ரெண்டுக்கும் இப்ப டாக்டர் இருக்காக. எனக்கு அன்னைக்கு யாரும் இல்ல. உனக்கு நான் இருக்கேன். அவ்வளவுதான் விஷயம்."

கம்ப்யூட்டரில் யாரோ அபிநயா, ஆர் யூ தேர் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அபி அதை மூடினாள். கத்துவாள் என்று பிரமிளா எதிர்பார்த்தாள், ஏன் இத்தனை நாள் சொல்லல என்று பிடிபிடியென்று பிடிப்பாள், அதற்குப் பதில்கூட வைத்திருந்தாள். அபி கத்தவில்லை. உதடு மட்டும் சின்ன வயதில் ஊசி போடப் போகும்போது கோணுவது மாதிரி ஒரு பக்கமாகக் கோணியது. "அழுறதுன்னா ஆட்டோல அழு. லேப் ஒரு மணிக்கு மூடிருவான்," என்றாள் பிரமிளா. சொன்ன குரல் கொஞ்சம் தடுமாறித்தான் போனது, போகட்டும், யாரும் பரிசு கொடுக்கப் போவதில்லை. முன்னறையில் குற்றாலநாதன் பேப்பரைத் தாழ்த்தி, எங்க ரெண்டு பேரும் என்றார். "லேபுக்கு. அவகிட்டச் சொல்லிட்டேன்." "எத?" "அவனத்தான்." அவர் பேப்பரை மடித்தார். இன்னொரு தரம் மடித்தார். உங்க பையன் நான் கிரகணம் பார்த்ததுல போகல, தெரிஞ்சுக்கோங்க, மிச்சத்த சாயங்காலம் சொல்றேன் என்றாள் அவள். அவர் எழுந்தார், ஒரு கால் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய், முதல் தடவையாகத் தானே கைதட்டி ஆட்டோவைக் கூப்பிட்டார். கூப்பிட்ட சத்தத்துக்கு இரண்டு ஆட்டோ வந்தது.

அபி ஆட்டோ பக்கத்தில் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு நின்றாள், ஏறவில்லை. ஆட்டோக்காரர் மீட்டரைப் பார்க்கிற மாதிரி வேறெங்கேயோ பார்த்தார். வெயில் நன்றாக ஏறியிருந்தது, தெருவில் நிழலே இல்லை. பிரமிளா முதலில் ஏறி, உள்ளே தள்ளி உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள். இருக்கு என்று வந்தாலும் வரட்டும், வாராவாரம் ஸ்கேன் என்றால் வாராவாரம் அவள்தான் கூடப் போவாள், அந்த டாக்டர் பெண்ணைக் கேட்கிற கேள்வியில் அவளே இன்னொரு தரம் பரீட்சை எழுத வேண்டியிருக்கும். சம்பந்தியம்மாள் பேசட்டும், அவளுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

"அம்மா," என்றாள் அபி, கம்பியைப் பிடித்துக்கொண்டு. "அண்ணன் எப்படி இருந்தான்?"

அண்ணன். அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பேரன், பிள்ளை, அது, போனது, தங்காதது, இப்படித்தான். யாரும் இதைக் கேட்டதே இல்லை. எப்படி இருந்தான்? துணியை விலக்கிப் பார்த்த அந்த ஒரே மத்தியானம் அப்படியே இருந்தது, ஒன்றும் கலையவில்லை.

"மூக்கு உன்னுது மாதிரியேதான்," என்றாள். "சப்பை. ஏறுட்டி, நேரமாகுது."